லோகோவுக்குக் கீழே இருந்த செய்தி

முதுகலை இதழியல் படித்தபோது நடந்தது. ஒரு குண்டுவெடிப்புச் செய்தியை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார் பேராசிரியர். எங்கே ஒருதலைப்பட்சம் தெரிகிறதோ அங்கே சிவப்பு மையால் கோடு போட வேண்டும். என் தாளின் உச்சியில் எனக்கு அறவே ஆகாத சேனலின் லோகோ. விடுவேனா? 11 இடங்களில் கோடு இழுத்தேன். 'கூறப்படுகிறது' என்ற சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தாளில் நான் தினமும் பார்க்கும் சேனலின் லோகோ. எங்கள் இருவருக்கும் அரசியலில் ஒரே பக்கம்தான். அவள் போட்டது 3 கோடு. அப்புறம் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எழுத்துக்கு எழுத்து ஒரே செய்தி!

இது புதிதல்ல என்று அவர் ஆறுதல் சொன்னார். 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா பாலஸ்தீன அகதி முகாம்களில் இஸ்ரேலின் கூட்டாளிப் படையினர் நடத்திய படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் அது இஸ்ரேலுக்கு எதிரானது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் இஸ்ரேலுக்குச் சாதகமானது என்றார்கள். 1985இல் வெளியான ஆய்வு. அதில் என்னைக் குத்தியது வேறொன்று: விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான் சாய்வும் அதிகமாகத் தெரிந்ததாம். நான் அந்த வகுப்பில் 'விஷயம் தெரிந்தவன்' என்று பெயர் வாங்கியவன்.

* * *

மேலே எழுதியவருக்கு ஒரு பதில்: உங்களுக்கு அது வகுப்புப் பயிற்சி. எனக்கு அப்படியில்லை. 2011 ஜூலை 22, ஓஸ்லோ தாக்குதல். விடுதிப் பொது அறையில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். முதல் சில மணி நேரம் அல்-காய்தாவாக இருக்கலாம் என்று நிபுணர்கள் ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அறையில் என் மதத்துக்காரன் நான் ஒருவன்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். 77 பேரைக் கொன்றவன் நார்வேக்காரன், தீவிர வலதுசாரி என்று தெரிந்ததும் பேச்சு மெல்ல அவன் மனநிலை பக்கம் போனது. அந்த இருவரும் அப்புறம் சாதாரணமாகத்தான் பழகினார்கள். நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு இதம் தரும் சேனல்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் செய்த தாக்குதலை 'நாடகம், சதி' என்று குழுவில் யாரோ போட்டபோது, சரிபார்க்காமல் நானும் அதை நாலு பேருக்கு அனுப்பினேன்.

* * *

உங்கள் இருவரையும் படித்த மூன்றாவது ஆள் நான். மாணவர் இதழில் பிழை திருத்தினேன். சண்டை முழுக்கச் சொல்லில்தான். தீவிரவாதி, பயங்கரவாதி இரண்டையும் நம் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒன்று கருத்தின் எல்லையைச் சொல்வது, மற்றது செயலைச் சொல்வது. துப்பாக்கிதாரி, போராளி, 'மனம் பிறழ்ந்த இளைஞர்' என்று வேறு வரிசை இருக்கிறது. யார் செய்தது என்று தெரிந்த பிறகே எங்கள் ஆட்கள் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள்! பிபிசி தன் குரலில் 'பயங்கரவாதி' என்று சொல்வதைத் தவிர்க்கிறது, யாராவது சொன்னால் அவர் சொன்னதாகப் போடுகிறது. அதையே நாமும் செய்யலாம் என்றேன். அரை மணி நேரத்தில் இரண்டு தரப்புமே என்னை எதிர்த்தரப்பு ஆள் என்றது. கடைசியில் 'தாக்குதல் நடத்தியவர்' என்று போட்டோம். யாருக்கும் திருப்தி இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். அதற்கப்புறம் தினமும் பார்த்த அந்தச் சேனலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லைங்க, இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன். அந்த 11 கோடு போட்ட தாள் மட்டும் மேஜை டிராயரில் இருக்கிறது. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். அதில் நாலு கோடு சரியானதுதான் என்று இன்னமும் எனக்குத் தோன்றுகிறது.