மட்டக்களப்பு கல்லடிப் பாலம் காலை நடைக் குழு

சிவா மாமா: பழைய பாலத்தில் வேகமாக இரண்டு தரம் போய் வந்தேன். கைக்கடிகாரம் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 131 என்று காட்டுகிறது. 58 வயதுக்கு இது கூடத்தானே?

வதனி அக்கா: நெஞ்சு நோகுதா மாமா? தலை சுத்துதா?

சிவா மாமா: ஒன்றும் இல்லை புள்ள. வேர்வைதான். பாலத்தடியில் குந்தியிருக்கிறேன்.

வதனி அக்கா: குந்தாமல் மெதுவாக நடங்க. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும், தலை சுத்தும்.

நிரோஷ்: 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, 162. மாமா 81 சதவீதத்தில் நிற்கிறார்.

வதனி அக்கா: அது சும்மா ஒரு மட்டுக் கணக்கு தம்பி. ஒரே வயதுக்காரரிலேயே பத்து, பன்னிரண்டு கூடக் குறைய வரும். ஏறினதை விடுங்க, நின்று ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது?

சிவா மாமா: போனில் கோடு கோடாக இருக்கிறது. பொறு... 131, அடுத்த நிமிடம் 107.

வதனி அக்கா: 24! நல்லது. 1999இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், டிரெட்மில் பரிசோதனை முடிந்த முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களுக்குத்தான் பின்னாளில் ஆபத்துக் கூடுதலாக இருந்தது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்புதான் பிரேக். நடக்கத் தொடங்கியதும் முதலில் அது தளரும், மறுகாதான் அட்ரினலின் வேலை. நின்றதும் பிரேக் திரும்பப் பிடிக்கும். எவ்வளவு கெதியாகப் பிடிக்கிறது என்பதைத்தான் அந்த ஒரு நிமிடம் காட்டும். ஆனால் அந்த 12, மெதுவாக நடந்தபடி ஆறியவர்களின் கணக்கு. குந்தினால் இன்னும் கெதியாக இறங்கும். நாளைக்கு நடந்தபடி பாருங்க.

கலா மாமி: நான் எவ்வளவு வேகமாக நடந்தாலும் 100ஐத் தாண்டுவதில்லை. கடிகாரம் பழுதா?

வதனி அக்கா: பிரஷருக்கு நீங்க போடுவது அட்டெனோலோல் எல்லோ மாமி? அது துடிப்பை ஏறவிடாது. உங்களுக்கு 220 கணக்குச் சரிவராது. நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு.

நிரோஷ்: பாட்டை வாவியில் பாடும் மீனுக்கு விடுங்க மாமி 😂

கலா மாமி: கதைக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை.

சிவா மாமா: அது ஊருக்கே தெரியும். சரி, நேற்று இதே பாலத்தில் 118தானே வந்தது?

வதனி அக்கா: நேற்று விடியவே வந்தீங்க. இன்றைக்கு எட்டு மணி வெயில், சூடான கச்சான் காற்று வேற. உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டும், வேர்வையில் தண்ணீரும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூட அடிக்கத்தான் செய்யும். தண்ணீர் குடித்தீங்களா?

சிவா மாமா: பிளேன்டீ குடித்தேன்.

வதனி அக்கா: தண்ணீர் மாமா! அப்புறம் எல்லாருக்கும் ஒன்று: நெஞ்சு இறுக்கினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ போனாலோ, மயக்கம் வந்தாலோ, குழுவில் படம் போட்டுக்கொண்டு இருக்காமல் 1990 ஆம்புலன்சுக்கு அடிங்க.

சிவா மாமா: சரி புள்ள. நாளைக்கு ஐந்தரைக்கு. நிரோஷ், நீயும் வா, உன்னுடையதையும் பார்ப்போம்.

நிரோஷ்: ஐந்தரையா?