முதியோர் இல்லத்தில் கமரா பூட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். போன கிழமை இரவு ஓர் ஆச்சி விறாந்தைப் படியில் விழுந்து, விடியும்வரை எழும்ப முடியாமல் கிடந்தார். ஒரு செருப்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

விறாந்தை, கேற் பக்கம் 4 கமரா பூட்ட நினைக்கிறோம். படுக்கை அறையிலும் குளியலறையிலும் கட்டாயம் வேண்டாம்.

1080பி கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 21 ஜிபி அளவில் பிடிக்கும். அப்படியென்றால் 4 கமராவுக்கும் 1 டிபி டிஸ்க் 11 நாளுக்குத்தான் காணும். அது போதுமா? கரண்ட் போனால், இடி மின்னல் என்றால் என்ன செய்கிறீர்கள்?

இல்லத்தில் இருக்கிற முதியவர்களைக் கேட்டால் "போடு தம்பி" என்கிறார்கள். சரி, மறதி உள்ள இருவருக்காக யாரிடம் சம்மதம் கேட்பது? வன்னியில் பூட்டியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.