கூட்டிதழும் சிறப்பு மலரும் வந்தால் தடுமாறும் மென்பொருள்: பருவ இதழ்களை எப்படிப் பதிவது?

கேள்வி: சங்க நூலகப் பொறுப்பாளர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். தமிழகத்திலிருந்து முகவர் வழியாக வரும் வார, மாத இதழ்களையும் உள்ளூர் இதழ்களையும் எங்கள் நூலகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. இவற்றின் வருகையைப் பதிவதற்கு நாங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் மென்பொருள், ஓர் இதழ் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டு, ஆண்டு முழுவதற்குமான இதழ் எண்களைத் தானே வரிசையாக எழுதி வைத்துவிடுகிறது. வந்த இதழை அந்த வரிசையில் தேடி 'வந்தது' என்று குறிக்கலாம். வரிசையில் இல்லாத ஒன்று வந்துவிட்டால் அதைப் பதிய இடமே இல்லை.

அண்மையில் ஒரு சிற்றிதழ், அட்டையில் 'இதழ் 7, 8' என்று அச்சிட்டு ஒரே இதழாக வந்தது. 7-ஐ வந்ததாகக் குறித்தோம். அடுத்த மாதம் முடிந்ததும், 8 வரவில்லை என்று மென்பொருள் தானாகவே முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. அலமாரியில் இருக்கும் இதழைக் கேட்டு நம் பெயரில் கடிதம் போவது மிகுந்த சங்கடத்தைத் தருகிறது. தீபாவளி மலருக்கோ பெரும்பாலும் இதழ் எண்ணே கிடையாது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது, 2024-இல் அக்டோபர் 31 அன்று வந்தது என்பதால், மாதத்தைச் சொல்லி முன்கூட்டியே அதை வரிசையில் சேர்க்கவும் முடிவதில்லை. நிறுவனத்திடம் கேட்டால், 'ஒழுங்கற்ற இதழ்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றினால் எது வரவில்லை என்றே தெரியாமல் போகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி 1: கல்லூரி நூலகர், பெட்டாலிங் ஜெயா

வணக்கம் ஐயா. வர வேண்டியது எது என்ற கணிப்பும் வந்தது எது என்ற பதிவும் இரு வேறு வேலைகள். உங்கள் மென்பொருள் முதலாவதைக் கொண்டு இரண்டாவதைக் கட்டுப்படுத்துகிறது. தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது. முன்பு இதழ் வருகையைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் கார்டெக்ஸ் அட்டையில் எழுதிய காலத்தில், இரண்டு கட்டங்களைச் சேர்த்து '7–8' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிந்தது. அந்த உரிமை திரையிலும் பணியாளருக்கு இருக்க வேண்டும்.

நாங்கள் கோஹாவைப் பயன்படுத்துகிறோம். 1999-இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்திற்காக எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. அதில் ஓர் இதழை ஏற்றதும் அடுத்து வரவேண்டிய ஓர் இதழுக்கு மட்டுமே வரி தோன்றும். அந்த வரியிலுள்ள எண்ணை அட்டையில் உள்ளபடி நாமே திருத்திக்கொள்ளலாம். கூட்டிதழ் வந்தால் 7 என்பதை '7–8' எனத் திருத்தி ஏற்றுவிட்டு, அடுத்துத் தோன்றும் 8-ஐ 'வெளியிடப்படவில்லை' என்று குறிக்கிறோம். தீபாவளி மலரையும் பொங்கல் மலரையும் துணை இதழாகச் சேர்ப்பதால் எண் வரிசை கெடுவதில்லை. தாமதமான இதழ்களை அது பட்டியலிட்டுக் காட்டினாலும், எதற்குக் கோரிக்கை அனுப்புவது என்பதைப் பணியாளர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கப்பலில் வரும் இதழுக்கு எத்தனை நாள் பொறுப்பது என்பதைச் சந்தாவுக்குச் சந்தா தனியாக அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அளவுக்கு மீறி நீட்டிவிடாதீர்கள், சிற்றிதழ்கள் குறைந்த படிகளே அச்சாவதால் தாமதமாகக் கேட்டால் மறுபடி கிடைப்பது அரிது.

கோஹாவிலும் குறை உண்டு. எண் அமைப்பை முதன்முதலில் வகுக்கும் பக்கம் புதியவரை மிரட்டும். சேமிப்பதற்கு முன் கணிப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தி, பழைய இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மறுமொழி 2: இதழியல் ஆய்வு மாணவி, பினாங்கு

நூலகர்களின் உரையாடலில் வாசகர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2020 மார்ச் இறுதியில் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபோது சில தமிழ் இதழ்கள் சில காலம் அச்சில் வெளிவராமல் நின்றன. ஒரு நூலகப் பட்டியலில் அந்த வாரங்களுக்கு நேரே 'வரவில்லை' என்று மட்டும் இருந்ததால், அச்சாகாத இதழ்களைத் தேடி வேறு நூலகங்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அதேபோல், 1924-இல் தொடங்கி 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோன தமிழ் நேசனை இன்னொரு பட்டியல் நடப்பு நாளிதழாகவே காட்டுகிறது. வெளியிடப்படவில்லை, தொலைந்தது, விற்றுத் தீர்ந்ததால் கிடைக்கவில்லை, இதழே நின்றுவிட்டது ஆகிய நான்கையும் தயவுசெய்து தனித்தனியாகக் குறியுங்கள். ஆய்வாளருக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மாணவி சொன்ன நான்கு நிலைகளில் எங்கள் மென்பொருளில் ஒன்றுகூட இல்லை. இந்த ஆண்டு ஒப்பந்தம் முடியும் வரை அதிலேயே இருக்க வேண்டிய நிலையில், அதுவரை என்ன செய்யலாம்?

மறுமொழி 1: கல்லூரி நூலகர், பெட்டாலிங் ஜெயா

தானியங்கிக் கோரிக்கை மின்னஞ்சலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து, ஒவ்வோர் இதழுக்கும் மார்க் 21 என்ற, நூலக மென்பொருள்களுக்குப் பொதுவான நூற்பதிவு வடிவில் உள்ள பதிவில் 866 என்ற புலத்தைத் திறந்து, 'மலர் 3, இதழ் 1 முதல் மலர் 9, இதழ் 6 வரை. மலர் 5, இதழ் 2 தொலைந்தது. மலர் 6, இதழ் 7–8 கூட்டிதழ்' என்று இருப்பை வாக்கியமாகவே எழுதிவிடுங்கள் (இங்கே 'மலர்' என்பது தொகுதி எண், சிறப்பு மலர் அல்ல). அது கட்டற்ற உரைக்கான புலம் என்பதால் எந்தக் கணிப்பும் அதில் தலையிடாது, மென்பொருள் மாறும்போதும் நூற்பதிவோடு சேர்ந்தே வரும். ஒப்பந்தம் முடிவதற்கு முன் இதழ் எண், வந்த தேதி, நிலை ஆகிய மூன்றும் அடங்கிய எக்செல் கோப்பை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வந்த தேதி இல்லாத கோப்பைக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.