நெட் இருக்கிறது, ஆனால் சிங்கிள் பிளேயர் கேம் "சர்வருடன் இணைய முடியவில்லை" என்கிறது – அவசர உதவி

சேமிப்புக்_கோப்பு:
நண்பர்களே, அவசரம். நேற்றிலிருந்து கேமுக்குள் போகவே முடியவில்லை. "சர்வருடன் இணைய முடியவில்லை, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று வருகிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது, இந்தப் பதிவையே அதில்தான் போடுகிறேன். ரீஸ்டார்ட் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. தனியாக உட்கார்ந்து ஆடுகிற கதை கேம் இது, இதற்கு எதற்குச் சர்வர்? லீவு முடிவதற்குள் முடித்துவிட நினைத்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

கேபிள்_ராஜா:
எந்த கேம்? பிசியா, கன்சோலா? எரர் எண் ஏதாவது வருகிறதா? வைஃபையா, கேபிளா? விபிஎன் ஓடுகிறதா? இதெல்லாம் சொல்லாமல் என்ன சொல்வது.

டிஎன்எஸ்_தாசன்:
டிஎன்எஸ் மாற்றுங்க தல, தளத்தின் பெயருக்கு முகவரி எண் தேடித் தருகிற சர்வர். 8.8.8.8 இல்லையென்றால் 1.1.1.1. வேறு எதையும் தொடாதீங்க. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான்.

பழைய_ஜாய்ஸ்டிக்:
எப்படிக் கேள்வி கேட்பது என்று முகப்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம், படித்திருக்க மாட்டீர்கள். "போக முடியவில்லை" என்பது புலம்பல், தகவல் அல்ல. அப்புறம், எதற்குச் சர்வர் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பக்கத்திலேயே "நிலையான இணைய இணைப்பு தேவை" என்று போட்டிருப்பார்கள். வாங்கும் முன் கீழே வரை உருட்டிப் பார்த்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

சேமிப்புக்_கோப்பு:
பிசி. விண்டோஸ். விபிஎன் இல்லை. வைஃபைதான். கேம் பேரை இங்கே போட்டால் அதன் ரசிகர்கள் வந்து இழையை ரணகளமாக்கிவிடுவார்கள், வேண்டுபவர்களுக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன். லோகோக்கள் ஓடுகின்றன, "ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்" வருகிறது, அழுத்தினால் வலது கீழ் மூலையில் ஒரு வட்டம் அரை நிமிடம் சுற்றுகிறது, பிறகு அந்தச் செய்தி. அதில் "சரி" என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் கேம் மூடிக்கொள்கிறது. எரர் எண் கிடையாது. டிஎன்எஸ் மாற்றினேன், பயனில்லை.

டிஎன்எஸ்_தாசன்:
மாற்றினால் மட்டும் போதாது, பழைய கேஷைச் சுத்தம் செய்யணும். ரௌட்டரிலும் மாற்றணும். பாதியில் விட்டால் அப்படித்தான்.

குட்டி_பாஸ்:
ஸ்டீம் கடைச் செயலியில் வாங்கியது என்றால் மேலே மெனுவில் ஆஃப்லைன் மோட் இருக்குமே ப்ரோ, அதைப் போட்டு ஆடுங்க. பிரச்சினை தீர்ந்தது.

இரவு_ஆந்தை:
குட்டி, ஸ்டீமின் ஆஃப்லைன் மோட் ஸ்டீமின் சோதனையை மட்டும்தான் விலக்கும். கேம் தன் நிறுவனத்துச் சர்வரைத் தனியாகக் கூப்பிட்டால் ஸ்டீமால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் கேமில் சேமிப்புகூடச் சர்வரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியா சேமிப்புக்_கோப்பு? (உங்கள் பெயரை வைத்துக்கொண்டு இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.)

நிழல்_பிக்சல்:
இது டெனூவோ என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டின் வேலை, சந்தேகமே வேண்டாம். ஒரே நாளில் பல கணினிகளில் திறந்தால் 24 மணி நேரத்துக்குப் பூட்டிவிடும். லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டித் தருகிற ப்ரோட்டானின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால்கூட ஒவ்வொன்றையும் புதுக் கணினி என்று எண்ணிக்கொள்ளும். சமீபத்தில் கணினியில் என்ன மாற்றினீர்கள்?

கேபிள்_ராஜா:
டெனூவோ பூட்டினால் செய்தி வேறு மாதிரி வரும், கேமே தொடங்காது. இங்கே பட்டன் அழுத்துகிற வரைக்கும் வந்துவிட்டாரே. எனக்கு எம்டியு மேல்தான் சந்தேகம், அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்கிற வரம்பு. பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைகிற பிராட்பேண்ட்) இணைப்பில் 1492க்கு மேல் போகக் கூடாது, ரௌட்டர் 1500 என்று வைத்திருந்தால் பெரிய பாக்கெட்டுகள் தொலைந்து போகும். வலைத்தளங்கள் திறக்கும், சில சர்வர்கள் மட்டும் தொங்கும். இவர் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது.

சேமிப்புக்_கோப்பு:
ஆமாம், சேமிப்பு சர்வரில்தான். போன வாரம் பாஸ் சண்டையில் அவனுக்குக் கால்வாசி உயிர்தான் மிச்சம், வைஃபை ஒரு நொடி விட்டுப் பிடித்தது. திரை அப்படியே உறைந்து, மெயின் மெனுவுக்குத் தூக்கிப் போட்டது. திரும்ப வந்தால் அந்தக் குகை வாசலிலிருந்து முதலில் இருந்து. அது வேறு கதை. கணினியில் எதுவும் மாற்றவில்லை. எம்டியு எங்கே பார்ப்பது?

பழைய_ஜாய்ஸ்டிக்:
எம்டியு எங்கே என்று கேட்பவரிடம் ரௌட்டரைக் கொடுக்காதீர்கள், உள்ள நெட்டும் போய்விடும். நிறுவனங்கள் இதைப் பொழுதுபோகாமல் செய்வதில்லை. சேமிப்பு கணினியில் இருந்தால் முதல் நாளே ஒருவன் திருத்தி எல்லா ஆயுதத்தையும் எடுத்துக்கொள்வான். திருட்டுப் பிரதி வேறு. டையப்லோ 3 ஏன் ஆன்லைன் ஆயிற்று? உள்ளே காசு புரளும் ஏலக்கடை இருந்தது, பொருளை நகலெடுக்க விடுவார்களா?

இரவு_ஆந்தை:
டையப்லோ 3ஐ நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. 2012 மே மாதம் வெளிவந்த அன்று காசு கொடுத்தவர்கள் எல்லாரும் பார்த்தது "எரர் 37". சர்வர் நிரம்பி வழிந்தது. அடுத்த ஆண்டே அதே கேம் பிளேஸ்டேஷன் 3லும் எக்ஸ்பாக்ஸ் 360லும் வந்தது, நெட் இல்லாமலேயே ஆட முடிந்தது. நீங்கள் சொல்லும் ஏலக்கடையை 2014 மார்ச்சில் மூடினார்கள். காரணம் போன பிறகும் பிசியில் எப்போதும் ஆன்லைன் என்கிற சங்கிலி அப்படியே இருக்கிறது. தனி ஆளாக ஆடுகிறவன் தன் சேமிப்பைத் திருத்தினால் யாரை ஏமாற்றுகிறான்? தன்னைத்தானே.

மூன்றாம்_கியர்:
நகரம் கட்டுகிற சிம்சிட்டியை மறந்துவிட்டீர்களே. 2013 மார்ச்சில் வந்தது. கணக்குகளில் பெரும்பங்கு எங்கள் சர்வரில் நடக்கிறது, ஆஃப்லைன் செய்வது லேசான காரியமல்ல என்றார்கள். சில நாளிலேயே ஒருவர் அந்தச் சோதனையை எடுத்துவிட்டு நெட் இல்லாமல் நகரம் ஓடுவதைக் காட்டினார். ஒரு வருடம் கழித்து அவர்களே ஆஃப்லைன் மோட் கொடுத்தார்கள். கிரான் டூரிஸ்மோ 7 இன்னும் வேடிக்கை. 2022 மார்ச்சில் ஓர் அப்டேட் சொதப்பி 30 மணி நேரத்துக்கு மேல் சர்வர் கீழே. கம்ப்யூட்டர் கார்களோடு தனியாக ஓட்டுகிற பந்தயங்கள்கூடப் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன. என் கராஜில் நிற்கிற காரை எடுக்க யாரிடமோ சாவி கேட்டு நிற்பதா?

பழைய_ஜாய்ஸ்டிக்:
அது உங்கள் கார் அல்ல. உரிமம். ஒப்பந்தத்தில் "நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்" என்று டிக் போட்டது நீங்கள்தான். வாங்கினேன், வாங்கினேன் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

மூன்றாம்_கியர்:
அப்படியானால் கடையில் பட்டன் மேல் "வாங்கு" என்று ஏன் போட்டிருந்தார்கள்? கலிஃபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரி 1 முதல் அமல். நிபந்தனையுள்ள உரிமத்தை விற்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக் கூடாது. நிரந்தரமாக இறக்கி நெட் இல்லாமல் பயன்படுத்த முடிகிற பொருளுக்கு மட்டும் விலக்கு. தி க்ரூ ஞாபகம் இருக்கிறதா? 2014ல் வந்த கேம், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கதைப் பகுதியும் சேர்ந்து போயிற்று. பெட்டி வாங்கியவன் கையில் இருப்பது வெறும் வட்டு. அதற்குப் பிறகுதான் யூடியூபர் ராஸ் ஸ்காட் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றிய மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது.

நிழல்_பிக்சல்:
கையெழுத்து எல்லாம் சரி. சர்வர் மென்பொருளில் பாதி வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிப் போட்டது. கடை மூடும்போது அதைத் தூக்கிப் பொதுவில் கொடு என்றால் எப்படி? சின்ன ஸ்டூடியோவுக்குச் செலவு தாங்காது.

மூன்றாம்_கியர்:
எழுதி முடித்த பிறகு பிரிப்பது கஷ்டம்தான். ஆரம்பத்திலேயே பிரிக்கிற மாதிரி எழுதினால்? அந்த இயக்கமும் சர்வரை என்றென்றும் ஓட்டு என்று கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது கேமை ஆடத்தக்க நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறது. வந்த சலசலப்பில் தி க்ரூ 2க்கு ஆஃப்லைன் மோட் வரும் என்று 2024லேயே அறிவிக்கவில்லையா? முடியாது என்பது எப்போதுமே முடியாது அல்ல.

குட்டி_பாஸ்:
கேட்டவரைக் காணோமே. நாம்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரவு_ஆந்தை:
சேமிப்புக்_கோப்பு, அந்தச் செய்தி வரும்போது முழுத் திரையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். விண்டோ மோடில் வைத்து, கீழே டாஸ்க்பாரும் தெரிகிற மாதிரி.

சேமிப்புக்_கோப்பு:
[படம் இணைக்கப்பட்டுள்ளது] இப்போதுதான் எடுத்தது. எம்டியு 1492 வைத்துப் பார்த்தேன், அதே கதை.

கேபிள்_ராஜா:
1480 முயன்று பாருங்கள்.

இரவு_ஆந்தை:
எம்டியுவை விடுங்கள். உங்கள் படத்தில் டாஸ்க்பார் கடிகாரம் மாலை 4 மணி என்கிறது. நீங்கள் பதிவு போட்டிருப்பது நல்ல ராத்திரி. இப்போதுதான் எடுத்த படம் என்றால் கணினி பல மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஒரு கேள்வி: அதே கணினியில் சமீபத்தில் லினக்ஸ் போட்டீர்களா?

சேமிப்புக்_கோப்பு:
ஆமாம், முந்தாநாள் உபுண்டு போட்டேன். ஆனால் அது தனிப் பார்ட்டிஷன். கேம் விண்டோஸில்தானே இருக்கிறது?

நிழல்_பிக்சல்:
"கணினியில் எதுவும் மாற்றவில்லை." 🙂

இரவு_ஆந்தை:
அதுதான் காரணமாக இருக்கும். மதர்போர்டில் ஒரே கடிகாரம். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு வரும்போது உங்கள் நேர மண்டலம் எவ்வளவோ அவ்வளவு தப்பும். வலைத்தளச் சான்றிதழ்கள் மாதக் கணக்கில் செல்லும் என்பதால் சில மணி நேரம் முன்பின் ஆனாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. அதனால்தான் நெட் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. கேம் வாங்குகிற நுழைவு டோக்கன் அப்படியில்லை, ஆயுள் கொஞ்ச நேரம்தான். சர்வர் இப்போது கொடுத்ததை உங்கள் கணினி "இது இன்னும் பிறக்காத டோக்கன்" என்று நிராகரிக்கும். உடனே கேம் கைவசம் இருக்கிற ஒரே செய்தியைக் காட்டும்: உங்கள் இணையத்தைச் சரிபார்க்கவும். "நேரம் தவறு" என்று ஒரு வரி போட்டிருந்தால் டிஎன்எஸ்ஸும் வேண்டாம், எம்டியுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: விண்டோஸ் அமைப்புகளில் நேரம் மற்றும் மொழி, அதில் தேதியும் நேரமும், கீழே "இப்போது ஒத்திசை". நேர மண்டலம் சரியா என்றும் பாருங்கள். பிறகு கேமை முழுதாக மூடித் திறங்கள். இது தற்காலிகம்தான். அடுத்த முறை உபுண்டு போய் வந்தால் திரும்ப வரும். நிரந்தரமாக வேண்டுமானால் உபுண்டுவில் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லலாம், அல்லது ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) வழியாக விண்டோஸைப் பொது நேரத்துக்கு மாற்றலாம். இரண்டில் ஒன்று மட்டும், இரண்டையும் செய்தால் மறுபடி எதிர்த் திசையில் தப்பும்.

பழைய_ஜாய்ஸ்டிக்:
கடிகாரம் என்று நானும் சொல்ல வந்தேன், தகவல் போதவில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம்_கியர்:
ஆக, வீட்டில் தனியாக ஒரு டிராகனை வெட்டுவதற்குக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். இதைத்தான் தேவை என்கிறீர்கள் ஜாய்ஸ்டிக்.

பழைய_ஜாய்ஸ்டிக்:
கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்வது பயனர் கடமை.

சேமிப்புக்_கோப்பு:
ஓடுகிறது. நன்றி.

இரவு_ஆந்தை:
மகிழ்ச்சி. நிரந்தர வழியில் எதைச் செய்தீர்கள் என்று ஒரு வரி போட்டால் பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

குட்டி_பாஸ்:
அவர் குகைக்குள் போயிருப்பார், இனி வர மாட்டார்.

டிஎன்எஸ்_தாசன்:
டிஎன்எஸ் மாற்றியதன் பலன் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.