வளைவில் மதிலைப் பார்த்தாலே மோதல் எச்சரிக்கை அடிக்கிறது, உதவி வேண்டும்

கேள்வி:
வணக்கம். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்காக அப்பாவின் காரில் மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருக்கிறோம். முன் பம்பரில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார். தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்து, 2.7 நொடிக்குக் கீழே போனால் பஸ்ஸர் அடிக்கும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நேர் ரோட்டில் பிசகே இல்லை. குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகும்போதுதான் வளைவுக்கு வளைவு அடிக்கிறது. எதிரே வண்டி கிடையாது, மதிலும் மின்கம்பமும்தான். பக்கத்தில் இருந்த அம்மா பயந்தே போய்விட்டார். அசையாத பொருளையெல்லாம் ஒதுக்கிவிடலாமா?

பதில் 1:
அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றும் பஸ்ஸும் ரேடாருக்கு அசையாத பொருள்தான். கார் எப்போதும் நேராகப் போகும் என்று உங்கள் நிரல் நினைக்கிறது, கோளாறு அங்கேதான். 40 கி.மீ. வேகத்தில் 2.7 நொடிக்கு 30 மீட்டர். வளைவின் ஆரம் 55 மீட்டர் என்றால், அதற்குள் ரோடு 8 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கும். நேரே பார்த்தால் மதில் தெரியாமல் என்ன செய்யும்? கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கைரோ சென்சார் இருந்தால், வேகத்தை அது காட்டும் திரும்பும் வீதத்தால் வகுங்கள், ஆரம் வந்துவிடும். பொருளின் தூரத்தை வர்க்கமாக்கி, இரண்டு மடங்கு ஆரத்தால் வகுத்தால் விலகல். அந்த அளவு விலகிய இடத்தை நடுவாக வைத்து, காரின் அகலத்துக்குள் வரும் பொருளுக்கு மட்டும் பஸ்ஸர் அடிக்கட்டும்.

பதில் 2:
மக்களே, ரேடாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும் ஒருதரம் பாருங்க. வேகத்தடையில் குலுங்கி 2 டிகிரி திரும்பியிருந்தாலே 60 மீட்டரில் 2 மீட்டர் தள்ளிக் காட்டும். அப்புறம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரோட்டுக்குப் போகவேண்டாம். ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துவிட்டு, வீட்டில் அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுங்க. நெருங்கிப் போய்ப் பார்க்கும் சோதனைக்குக் காலி மைதானம்தான். தெர்மகோல் பெட்டிக்குள் மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூலைபோலச் சேர்த்து வைத்தால் ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும், இடித்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. பிராக்கெட்டின் ஒரு போல்ட் லூசாகத்தான் இருந்தது. பழைய பதிவில் 14 முறை தவறாக அடித்தது, கணக்கை மாற்றி ஓடவிட்டதும் 3 ஆனது. அந்த மூன்றும் வளைவுக்குள் நுழையும் இடம். கார் இன்னும் திரும்பவில்லை, கைரோ பூஜ்யம் காட்டுகிறது.

பதில் 1:
சரிதான், திரும்பாத காரின் கைரோவுக்கு வளைவு தெரியாது. ஸ்டியரிங் கோணத்தையும் எடுங்கள், அது கொஞ்சம் முந்தும். மிச்சத்துக்கு, ரோட்டுக் கோட்டைப் பார்த்து வளைவை முன்பே கண்டுபிடிக்கும் கேமராதான். அந்த ரோட்டில் வெள்ளைக் கோடு அழியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.