மனையெச்சம்: இடிக்கப்பட்ட வீட்டின் மண்ணடிப் பகுதிகளுக்கு ஒரு சொல்

வணக்கம்.

முற்றிலும் இடிக்கப்பட்ட பழைய வீடொன்றில் மண்ணுக்குள் மட்டும் எஞ்சியிருக்கும் கட்டுமானப் பகுதிகளைக் குறிக்க ‘இடிபாடு’, ‘சிதிலம்’, ‘கடைக்கால் எச்சம்’ (கடைக்கால் என்பது சுவரின் அடித்தளம்) ஆகிய சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாக ‘மனையெச்சம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். சொல்லைத் தனியே வைத்து வாதிடுவதைவிட, அது பொருந்த வேண்டிய ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மார்க்கெட் தெருவும் ஆறாம் தெருவும் கூடுமிடத்தருகே, ஆங்கிலேயர் ஆட்சியின்போது 1760களில் கட்டப்பட்ட பெரிய வீடொன்று இருந்தது. அந்நகர் நாட்டின் தற்காலிகத் தலைநகராக இருந்த 1790 முதல் 1800 வரையிலான காலத்தில், முதலில் ஜார்ஜ் வாஷிங்டனும் அவருக்குப்பின் ஜான் ஆடம்ஸும் குடியரசுத் தலைவர்களாக அங்கு வாழ்ந்தனர். 1832இல் வீடு இடிக்கப்பட்டது. பக்கத்துக் கடைகளோடு ஒட்டி நின்ற பக்கச் சுவர்களும் 1950களில், திறந்தவெளி அமைப்பதற்காக அகற்றப்பட்டன. கட்டடக்கலை நோக்கில் மட்டும் பார்ப்பவர், அங்கே காப்பதற்கு இனி எதுவுமில்லை என்றே கூறியிருப்பார்.

2007இல் அங்கு அகழாய்வு நடந்தபோது, விருந்தினரை வரவேற்பதற்காக வாஷிங்டன் கட்டுவித்த வளைவுச் சாளரத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதற்குச் சில அடிகள் தள்ளி, சமையற்கட்டின் நிலவறையும், அதனைப் பெரிய வீட்டோடு இணைத்த நிலத்தடி வழியும் வெளிப்பட்டன. வாஷிங்டன் அவ்வீட்டில் ஒன்பது பேரை அடிமைகளாக வைத்திருந்தார். வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, பிலடெல்பியா அமைந்த பென்சில்வேனியா மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து தங்கும் அடிமை விடுதலை கோரலாம் என்ற அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிடிகொடாமல் இருக்க, அவர்களை அவ்வப்போது எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார். ஓனி ஜட்ஜ் என்னும் பெண் 1796இல் அவ்வீட்டிலிருந்தே தப்பிச் சென்றார். இச்செய்திகள் ஆவணங்களில் முன்பே இருந்தவைதாம். ஆனால் வரவேற்பறையும் வேலையாட்களின் வழியும் எவ்வளவு அருகருகே இருந்தன என்பதை அந்தக் கற்களே கண்முன் நிறுத்தின. அகழாய்வுக்கு முன்பே தேர்வு செய்யப்பட்டிருந்த நினைவிட வடிவமைப்பு, இக்கண்டுபிடிப்புகளுக்குப்பின் மாற்றப்பட்டது. 2010 இறுதியில் திறக்கப்பட்ட நினைவிடத்தில், அப்பகுதிகளைக் கண்ணாடி வழியே கீழே பார்க்கலாம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘இடிபாடு’, ‘சிதிலம்’ என்றதும் பாதி நிற்கும் சுவரே நம் மனத்தில் எழுகிறது. இங்கே நிற்பதென்று ஒன்றுமில்லை. ‘கடைக்கால் எச்சம்’ இவ்விரண்டையும்விடத் துல்லியமானது. கொத்தனார்கள் இன்றும் புழங்கும் சொல் என்பதால் அதை விட்டுவிட எனக்கும் மனமில்லை. எனினும் நிலவறையின் தரை, நிலத்தடி வழி, கிணறு, கழிப்புக்குழி ஆகியவை கடைக்கால் அல்ல. சுவரின் அடியை மட்டும் பெயரிட்டால், வேலை செய்தவர்களின் இடங்கள் வரையறைக்கு வெளியே போய்விடும். பிலடெல்பியாவில் மரபு மதிப்பின் பெரும்பகுதி அவ்விடங்களில்தான் இருந்தது.

‘மனை’ என்பது வீட்டையும் அது அமைந்த நிலத்தையும் ஒருங்கே குறிக்கிறது. வீடு போன பிறகும் மனை இருக்கிறது. ‘எச்சம்’ என்பதற்குப் பறவையின் எச்சம் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எழக்கூடும்; பெயரெச்சம், வினையெச்சம் என்று பள்ளியிலேயே பயிலும் நமக்கு அது பெரிய தடையாகாது. முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது இலக்கண எச்சம். ஆவணத்தையும் நினைவையும் வேண்டி நிற்பது இந்த எச்சம். இப்பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வீட்டையே திரும்பக் கட்டிவிட்டால் சொல்லுக்கும் எச்சத்துக்கும் தேவையிராதே என்று கேட்கலாம். அதே மார்க்கெட் தெருவில் சற்றுக் கிழக்கே, 1812இல் இடிக்கப்பட்ட பெஞ்சமின் பிராங்க்ளினின் வீட்டைத் திரும்பக் கட்டாமல், 1976இல் எஃகுச் சட்டத்தால் அதன் புறவடிவை மட்டும் எழுப்பி, அடியில் கிடப்பவற்றைப் பார்க்கத் திறப்புகள் வைத்தனர். சுவரின் உயரம், சாளரங்களின் அமைப்பு போன்றவற்றைக் கற்பனையால் நிரப்ப வேண்டியிருக்கும் இடங்களில், இம்முறையே நேர்மையானது என்பேன். அந்த எஃகுச் சட்டம் மனையெச்சம் ஆகாது. அதனை ‘உருக்கோட்டுச் சட்டகம்’ எனத் தனியே வழங்கலாம்.

என் வரையறை இது: கட்டடம் அகற்றப்பட்டபின், அது இருந்த இடத்திலேயே, பெயர்க்கப்படாமல் மண்ணடியில் எஞ்சும் அதன் கட்டுமானப் பகுதிகளும் அவற்றோடு இணைந்த குழி, தரை, வழி முதலியனவும் மனையெச்சம். எடுத்துச் செல்லத்தக்க பானைத்துண்டு, பொத்தான் போன்றவை தொல்பொருள் என்ற பழைய தலைப்பிலேயே தொடரட்டும். கோட்டை, பட்டறை போன்றவற்றுக்கும் இச்சொல் செல்லுமா என்பதில் மட்டும், கல்வெட்டுகளில் ‘மனை’ ஆளப்படும் விதத்தை அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் நன்று.