ஐந்து எண்ணிய பிறகும் விடவில்லை, ஆனால் “முடிவை மாற்றவில்லை” என்கிறார்கள். இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நீல டிரைவர்:

வெக்ஸ் வி5 என்ற மாணவர் ரோபோ போட்டி, 2024–25 சீசன் (அந்த ஆண்டு ஆட்டத்தின் பெயர் ஹை ஸ்டேக்ஸ்), அதில் நடந்த ஒரு தகுதிச் சுற்று ஆட்டம். இன்னும் எங்கள் அணிக்குள் பேச்சு ஓயவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு கூட்டணிக்கு இரண்டு ரோபோ. நாங்கள் நீலம். கடைசி ஸ்கோர் சிவப்பு 31, நீலம் 28. ஆட்டம் முடிய 12 நொடி இருக்கும்போது சிவப்பு ரோபோ ஒன்று எங்களைச் சுவரோடு சேர்த்துப் பின் செய்தது, அதாவது நகர விடாமல் பிடித்துக்கொண்டது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். ஐந்து முடிந்தும் அவர்கள் நகரவில்லை. விலகியபோது 3 நொடிதான் பாக்கி. எங்களிடம் ஒரு நீல ரிங் இருந்தது. பொது வால் ஸ்டேக்கின் (இரு கூட்டணியும் ரிங் மாட்டக்கூடிய சுவர்க் கம்பம்) உச்சியில் சிவப்பு ரிங். உச்சி ரிங்குக்கு 3 புள்ளி, மற்றதற்கு 1. அதன்மேல் எங்களுடையதைப் போட்டிருந்தால் எங்களுக்கு 3 கூடும், அவர்களுடைய உச்சி ரிங் 3-லிருந்து 1 ஆகிவிடும். நாங்கள் 31, அவர்கள் 29. ஜெயித்திருப்போம்.

தலைமை நடுவர் “மீறல் உண்மை, ஆனால் மைனர்”, அதாவது முடிவை மாற்றாத சின்ன மீறல், என்று எச்சரிக்கையோடு முடித்துவிட்டார். வீடியோ காட்டப் போனோம், பார்க்க மாட்டேன் என்றார். பயிற்சியாளர் பேசப் போனார், அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு ரிங்கில் முடிவு மாறும் ஆட்டத்தில் இது எப்படி மைனர் ஆகும்?

கோட்டோர நடுவர்:

தம்பி, உங்கள் கூட்டல் கழித்தல் சரி. ஆனால் நடுவர் போடும் கணக்கு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது.

ஜெயித்தவரும் தோற்றவரும் இடம் மாறும்படி செய்த மீறலைத்தான் ‘மேட்ச் அஃபெக்டிங்’ என்கிறோம். அதனால் ஸ்கோர் எண்ணி முடிக்கும் முன்பு யாராலும் அதைச் சொல்ல முடியாது. மீறியது தோற்ற கூட்டணி என்றால் அந்தக் கேள்வியே எழாது. ஜெயித்தவர்கள் மீறியிருந்தால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

யோசிக்கும்போது நான் முதலில் பிரித்துப் பார்ப்பது நேரத்தை. ஐந்து எண்ணும் வரை பின் செய்வதற்கு விதியே இடம் கொடுக்கிறது. அந்த ஐந்து நொடி நீங்கள் இழந்ததில் சேராது. 12 நொடியில் பிடித்தார்கள், 7 நொடி இருக்கும்போது விட்டிருக்க வேண்டும், 3-ல் விட்டார்கள். ஆக மீறல் என்பது நடுவில் உள்ள 4 நொடி மட்டும். “7 நொடி இருக்கும்போது விட்டிருந்தால் அந்த ரிங் ஏறியிருக்குமா?” இதுதான் கேள்வி. மொத்த ஆட்டத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று கற்பனையை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. அப்படிப் போனால் 3 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த எந்த ஆட்டத்திலும் யாரையாவது டிக்யூ (தகுதி நீக்கம்) செய்துவிடலாம்.

அதனால் கேட்கிறேன். பிடிபட்டபோது உங்கள் ரோபோ எங்கே இருந்தது, எங்கே போய்க்கொண்டிருந்தது? ரிங் எங்கே இருந்தது, இன்டேக்கிலா (ரிங்கை உள்ளே இழுக்கும் பகுதி), கையிலா?

வீடியோவை நடுவர் பார்க்கக் கூடாது என்பது விதி. நல்ல கேமராவும் நல்ல கோணமும் வைத்திருக்கும் அணிக்கு ஒரு நியாயம், இல்லாத அணிக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். பெரியவர்களிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதும் விதிதான். ஆடிய மாணவர்கள்தான் வந்து கேட்க வேண்டும்.

மெண்டர் அக்கா:

நேரத்தைப் பிரிப்பது சரி, ஆனால் சந்தேகத்தின் பலன் மீறியவருக்கே போவது எனக்கு ஒப்பவில்லை. எஃப்டிசி என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியில் மீறலுக்குப் புள்ளி எதிரணிக்குப் போய்விடும், “இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்” என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஹை ஸ்டேக்ஸிலேயே முதல் 15 நொடி ஆட்டானமஸில் (டிரைவர் இல்லாமல் ரோபோ தானாக ஓடும் நேரம்) கோட்டைத் தாண்டி விதியை மீறினால் 6 புள்ளி போனஸ் எதிரணிக்கு, அவ்வளவுதான். பின் செய்வதற்கும் அப்படி ஒன்று வைத்தால் என்ன? கடைசி 12 நொடியில் “எச்சரிக்கைதானே, பரவாயில்லை, பிடித்துக்கொள்” என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீல டிரைவர்:

சார், ரிங் லேடி பிரவுன் கையில் (வால் ஸ்டேக்கில் ரிங் மாட்டும் ரோபோ கை) ஏற்றித் தயாராக இருந்தது. வால் ஸ்டேக் இரண்டு டைல் (களத் தரையின் சதுரம்) தூரம். அதை நோக்கித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு சிவப்பு ரோபோ அந்த ஸ்டேக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

கோட்டோர நடுவர்:

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் மேஜர், அதாவது டிக்யூ ஆகும் பெரிய மீறல், என்றே சொல்லியிருப்பேன். இரண்டு டைல் என்பது நாலடி. ரிங் கையில் தயாராக இருந்தால் 7 நொடி தாராளம், 3 நொடி பத்தாது. அந்த 4 நொடியில்தான் ஆட்டம் போனது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் ஸ்டேக்கை ஒரு ரோபோ மறித்து நின்றது, அதுவும் விதிக்கு உட்பட்டு. அதைத் தள்ளிவிட்டு, நேராக நின்று, கையை இறக்க 7 நொடியில் முடிந்திருக்குமா? அதே ஆட்டத்தில் அதற்கு முன்பு அந்த ரோபோவைத் தள்ளி நகர்த்தியிருந்தீர்களா? நடுவர் அதைப் பார்த்திருப்பார், நான் பார்க்கவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் மைனர் என்று நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். டிக்யூ என்றால் தகுதிச் சுற்றில் அந்த அணிக்கு அந்த ஆட்டத்தின் எல்லாப் புள்ளியும் பூஜ்ஜியம். எலிமினேஷனில் (தோற்றால் வெளியேறும் சுற்று) கூட்டணியே தோற்கும். அதை ஊகத்தில் கொடுக்க முடியாது.

அக்கா சொல்வதில் ஒன்று எனக்கும் உறுத்துகிறது. வேண்டுமென்றே பிடிப்பது வேறு, டிரைவர் தடுமாறுவது வேறு. இதற்கு விதியில் வழி இல்லாமல் இல்லை. ஒரே ஆட்டத்தில் நடந்த சின்ன மீறல்களைச் சேர்த்துப் பார்த்து முடிவை மாற்றியதா என்று கேட்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் அதே மீறலைத் திரும்பச் செய்தால் மைனரை மேஜராக உயர்த்தலாம். ஆனால் நடுவர்கள் எச்சரிக்கையை அணி எண்ணோடு எழுதி வைத்தால்தான் அது நடக்கும். பல போட்டிகளில் அந்தத் தாள் காலியாகவே கிடக்கிறது, அதுதான் எனக்குக் கோபம்.

அடுத்த முறை களத்தைக் கலைக்கும் முன்பே டிரைவர்கள் நீங்களே கையை உயர்த்துங்கள். “நாங்கள் ஜெயித்திருப்போம்” என்று ஆரம்பிக்காதீர்கள். “எண்ணிக்கை முடிந்தபோது 7 நொடி, விட்டபோது 3 நொடி, ரிங் கையில், ஸ்டேக் இரண்டு டைல்” என்று சொல்லுங்கள். எந்த விதி எண், மைனரா மேஜரா என்று கேளுங்கள். அந்தச் சிவப்பு அணிக்கு அன்றைக்கு முன்பே எச்சரிக்கை இருந்ததா என்றும் கேளுங்கள்.

நீல டிரைவர்:

முன்பே இருந்ததா என்று நாங்கள் கேட்கவே இல்லை சார். அடுத்த போட்டிக்கு ஸ்கவுட்டிங் தாளில் (மற்ற அணிகளைக் கவனித்துக் குறிக்கும் தாள்) எதிரணி வாங்கிய எச்சரிக்கைகளுக்கென்று ஒரு கட்டம் சேர்க்கிறோம்.